சோறும் உப்பும்: கல்கத்தாவில் ஏழ்மை பயிற்றுவிக்கப்பட்ட கதை

1948ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கங்கைக் கரையிலுள்ள பாட்னா நகரின் ஒரு மருத்துவமனையில் உணவைப் பற்றிய ஓர் உரையாடல் நடந்தது. லொரேட்டோ கன்னியர் மடத்தை விட்டு அப்போதுதான் வெளியேறியிருந்த அன்னை தெரசா, தாம் தொடங்கவிருக்கும் சபையின் துறவியர் சோறும் உப்பும் மட்டுமே உண்பர் என்று அங்கிருந்த மருத்துவத் துறவியரிடம் கூறினார். ஏழைகளின் உணவு அதுவே; அவர்களுக்காக வாழ வருபவர் அதற்கு மேல் உண்பது தகாது என்பது அவர் எண்ணம். மருத்துவர்களும் செவிலியருமான அத்துறவியர் இதைக் கேட்டு மெய்சிலிர்க்கவில்லை. அவ்வாறு செய்வது பாவம் என்றனர். சேரிகளில் நாள் முழுதும் உழைக்கப் போகும் இளம்பெண்களுக்குச் சோறும் உப்பும் கொடுத்தால் காசநோய் அவர்களைக் கொண்டுபோய்விடும். பிறகு யார் யாருக்குப் பணி செய்வது? எளிமையாயினும் சத்துள்ள உணவு, வாரம் ஒரு நாள் ஓய்வு, நாள்தோறும் துவைத்த உடை ஆகிய மூன்றும் வேண்டும் என்று வலியுறுத்தினர்.

தெரசா அதை ஏற்றுக்கொண்டார். அவரது வரலாற்றை எழுதியோர் பலரும் இந்நிகழ்ச்சியை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றனர். ஆயினும், கல்கத்தாவில் அடுத்த அரை நூற்றாண்டில் உருவான ஒரு துறவுப் பயிற்சி முறையின் முதல் திருத்தம் இதுவே. அதற்குப் பின்னால் எழுநூறு ஆண்டுப் பழமையான ஒரு வழக்கும் இருக்கிறது.

‘நுன் ஆன்தே பான்தா ஃபுராய்’ என்பது வங்காளப் பழமொழி. உப்பு எடுத்துவரப் போன இடைவெளியில் பழையசோறு தீர்ந்துபோயிற்று என்பது பொருள். சோறு இருக்கும்போது உப்பில்லை. உப்பு கிடைக்கும்போது சோறில்லை. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்ட கல்கத்தாவில் சோறும் உப்பும் என்பது வெறும் உவமையன்று. அந்நகரின் எண்டாலிப் பகுதியிலிருந்த வங்காளவழிப் பெண்கள் பள்ளியில் ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் இருந்த தெரசா இதை நன்கறிவார். 1947 ஜனவரியில் கல்கத்தாப் பேராயர் ஃபெர்டினான் பெரியே அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், தம் புதிய சபையின் வாழ்முறையை அவர் இரண்டு மரபுகளின் பெயரால் சுட்டினார்: ஏழ்மை பிரான்சிஸ்கன் ஏழ்மையாக இருக்கும், உழைப்பு பெனடிக்டின் உழைப்பாக இருக்கும். கடிதத்தைப் பெற்ற பேராயரோ இயேசு சபையைச் சேர்ந்த பெல்ஜியத்துக்காரர். தெரசாவின் ஆன்ம வழிகாட்டி செலஸ்ட் வான் எக்செம் அடிகளாரும் அவ்வாறே. தெரசா பயிற்சி பெற்ற லொரேட்டோ சபையின் விதிகளும் இயேசு சபை விதிகளின் அடியொற்றியவை. ஆக, சுற்றிலும் இஞ்ஞாசியாரின் மக்கள். நடுவில் அசிசி பிரான்சிஸின் கனவு. இந்தக் கலவையே பின்னர் கல்கத்தாவின் பயிற்சி முறைக்கு அதன் தனித்தன்மையைக் கொடுத்தது.

பிரான்சிஸ்கன் ஏழ்மை என்றால் என்ன என்பது அசிசியிலேயே தீராத கேள்வி. தொடக்கத்தில் பிரான்சிஸின் தோழர்களுக்குப் பயிற்சிக் காலம் என்று ஒன்று இல்லை. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அன்றே சகோதரர். கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியபோது இது தாங்கவில்லை. 1220 செப்டம்பரில் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ், ஓராண்டுச் சோதனைக் காலம் முடியாமல் எவரும் வார்த்தைப்பாடு கொடுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். 1223இல் அங்கீகரிக்கப்பட்ட விதிநூல் பயிற்சியாளரின் உடையைக்கூட எண்ணிச் சொல்கிறது: தலைமூடி இல்லாத இரண்டு அங்கிகள், ஓர் இடைக்கயிறு, கால்சட்டை. வார்த்தைப்பாடு கொடுத்தவர்க்குத் தலைமூடியுள்ள அங்கி ஒன்று. விரும்பினால் தலைமூடி இல்லாதது இன்னொன்று. பணத்தை எவ்வடிவிலும் தொடக்கூடாது என்று அதே நூல் கண்டிப்பாகக் கூறுகிறது. கூறிய கையோடு ஒரு கதவையும் திறந்து வைக்கிறது. நோயுற்றோரின் தேவைக்கும் சகோதரரின் உடைக்கும் பொறுப்பாளர்கள் நண்பர்கள் வழியாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். அந்தச் சிறு கதவு எவ்வளவு தூரம் திறக்கலாம் என்பதைப் பற்றியே அடுத்த நூறாண்டுப் பூசல் நடந்தது. 1230இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, பிரான்சிஸின் இறுதிச் சாசனம் சகோதரரைக் கட்டுப்படுத்தாது என்றார். 1323இல் இருபத்திரண்டாம் யோவான், கிறிஸ்துவும் திருத்தூதரும் எதையும் உடைமையாகக் கொண்டிருக்கவில்லை என்று சாதிப்பதே தப்பறை என்று தீர்ப்பளித்தார். துறவியர் சிலர் இக்கொள்கைக்காக எரிக்கப்பட்டதும் உண்டு.

பூசல் ஒருபுறம் இருக்க, பிரான்சிஸ் தாமே பட்டினியைக் கையாண்ட விதம் வேறு. ரிவோ தோர்த்தோவில் ஒரு நள்ளிரவில், நோன்பிருந்த சகோதரர் ஒருவர் பசியால் செத்துப்போகிறேன் என்று அலறினார். பிரான்சிஸ் எழுந்து உணவு எடுத்துவைத்து, அவர் தனியே உண்ண நாணுவார் என்று எல்லாரையும் எழுப்பித் தாமும் உடனிருந்து உண்டார் என்கின்றன பழைய வரலாறுகள். கிளாராவின் கதையும் இதற்கு இணையானது. வாரத்தில் மூன்று நாள் ஒன்றுமே உண்ணாதிருந்த அவரை, நாளொன்றுக்கு ஒன்றரை அவுன்ஸ் அப்பமாவது உண்ண வேண்டும் என்று பிரான்சிஸும் அசிசி ஆயரும் கட்டளையிட்டுத் தடுத்தனர். உடைமை இல்லாதிருக்கும் உரிமைக்காகத் திருத்தந்தையரோடு வாழ்நாள் முழுதும் போராடி, தம் விதிநூலுக்கான ஒப்புதலைச் சாவதற்கு இரண்டு நாள் முன்பு, 1253 ஆகஸ்டு 9 அன்று பெற்றவர் அவர். அவரையும் உண்ணச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

தமிழகத்துக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. பிரான்சின் நாந்த் நகரத்துப் பெண் எலேன் த ஷப்போத்தேன் 1860 டிசம்பரில் அவ்வூர் ஏழை கிளாரா மடத்தில் சேர்ந்தார்; சில வாரங்களிலேயே கடுமையாக நோயுற்று வீடு திரும்பினார். பின்னர் மரி ரெப்பராத்ரிஸ் சபையில் சேர்ந்து, பயிற்சி முடியும் முன்னரே 1865இல் மதுரை மறைமாவட்டப் பணிக்கு அனுப்பப்பட்டார். 1876இல் சபைக்குள் நேர்ந்த பிளவில் அவரோடு சேர்த்து இருபது துறவியர் வெளியேறி உதகமண்டலத்தில் ஒன்றுகூடினர். 1877 ஜனவரி 6 அன்று ஒன்பதாம் பத்திநாதர் அனுமதியுடன் அது புதிய சபையாயிற்று. 1885இல் அது பிரான்சிஸ்கன் குடும்பத்தில் முறைப்படி இணைந்தது. ஏழை கிளாரா மடத்தில் உடல் தாங்காமல் இழந்ததை, நீலகிரியில் தொடங்கி, செயல்படும் துறவாக மீட்டெடுத்தார் அவர். உதகை நாசரேத் பள்ளியின் முன் நாளும் கடந்து செல்வோர் பலருக்கு இச்செய்தி தெரியாது.

மீண்டும் பாட்னா. தெரசா பயிற்சி பெற்ற திருக்குடும்ப மருத்துவமனை அப்போது ‘பாத்ரி கி ஹவேலி’ என்னும் பழைய ஆலய வளாகத்தில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் சந்திரநாகூர் வழியாகத் திபெத்துக்கும் நேபாளத்துக்கும் போய்வந்த இத்தாலியக் கப்புச்சின் துறவியர் எழுப்பிய ஆலயம் அது. கப்புச்சின்களோ, பிரான்சிஸின் ஏழ்மை தளர்ந்துவிட்டது என்று 16ஆம் நூற்றாண்டில் பிரிந்து சென்ற சீர்திருத்தக் கிளையினர். அவர்கள் கட்டிய வளாகத்தில், ஆஸ்திரிய மருத்துவர் அன்னா தெங்கல் 1925இல் நிறுவிய சபையின் துறவியர், பிரான்சிஸ்கன் ஏழ்மைக்கு ஊட்டச்சத்துக் கணக்குச் சொன்னார்கள். வரலாறு இத்தகைய தற்செயல்களை யாரிடமும் கேளாமல் அடுக்கி வைக்கிறது. (துறவியர் மகப்பேறு மருத்துவம் பார்ப்பதற்கே 1936 வரை உரோமையின் தடை இருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அம்மருத்துவப் பெண்கள் விதிகளோடு வாதாடிப் பழகியவர்கள் என்பது விளங்கும்.)

1948 டிசம்பரில் கல்கத்தா திரும்பிய தெரசா மோத்திஜீல் சேரியில் தரையில் எழுத்தெழுதிப் பள்ளி தொடங்கினார். 1949 பிப்ரவரியில் கிரீக் லேன் 14ஆம் எண் வீட்டின் மாடி, கோம்ஸ் குடும்பத்தாரால் அவருக்குத் தரப்பட்டது. மார்ச் 19 அன்று எண்டாலிப் பள்ளியின் பழைய மாணவி சுபாஷினி தாஸ் வந்து சேர்ந்து, தெரசாவின் திருமுழுக்குப் பெயரான ஆக்னஸ் என்பதையே தம் துறவுப் பெயராகக் கொண்டார். அடுத்து வந்த மக்தலேனா கோம்ஸ், கெர்ட்ரூடு ஆனார். கெர்ட்ரூடு பின்னர் மருத்துவம் படித்தார். மாடிக்கு வந்த பெண்களுள் படிப்பை முடிக்காதவர்களைத் தெரசா தேர்வெழுத வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஏழ்மையை ஏற்க வந்தவர்களுக்கு அவர் முதலில் கொடுத்தவற்றுள் பாடப்புத்தகமும் ஒன்று.

அந்த வீட்டின் உணவுக்கு வங்காளத்தின் பழைய வழக்கமான முஷ்டிபிக்ஷா கைகொடுத்தது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து இரப்போர்க்கு ஈவது அது. தமிழ்நாட்டில் பிடி அரிசி என்று கோயிலும் தேவாலயமும் அறிந்த அதே பழக்கம். வள்ளுவர் நல்குரவை அடுத்து இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்து, கேட்பதன் மேன்மையையும் இழிவையும் ஒருசேரப் பேசுகிறார். துறவியின் இரத்தல் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. பயிற்சிக்கு வந்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்குப் பட்டினியைவிடக் கடினமாக இருந்தது இந்தக் கையேந்தலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதே இடத்தில் கல்கத்தா அசிசியிலிருந்து விலகியும் போகிறது. பிரான்சிஸின் விதிநூல், தங்கள் முன் வைக்கப்படும் எவ்வுணவையும் சகோதரர் உண்ணலாம் என்று கூறுகிறது. வழிப்போக்கரான சகோதரர் பிறர் வீட்டுப் பந்தியில் அமர்ந்தனர். தெரசாவின் சபையிலோ, பணிக்குப் போகும் துறவியர் வெளியே எங்கும் உண்பதில்லை. ஒரு குவளைத் தேநீர்கூட இல்லை. தண்ணீரையும் கையோடு கொண்டு செல்வர். விருந்தினர்க்கு எதையாவது கொடுக்காமல் அனுப்ப மனம் வராத நாட்டில், சேரிக் குடும்பம் கடன் வாங்கியாவது இனிப்பு வாங்கும். செல்வர் வீட்டில் உண்டு ஏழை வீட்டில் மறுத்தால் அது அவமதிப்பு. எல்லா வீட்டிலும் மறுத்தால் எவருக்கும் குறையில்லை. இவ்விதியை இத்தாலியில் இருந்துகொண்டு எவரும் எழுதியிருக்க முடியாது. இதற்கு மறுபக்கமும் உண்டு: வேலைக்குப் புறப்படும் முன் மடத்தில் வயிறார உண்டாக வேண்டும். சப்பாத்தியைத் தட்டில் மீதம் வைப்பது தியாகமாகக் கருதப்படவில்லை, கீழ்ப்படியாமையாகவே கருதப்பட்டது. பாட்னாவின் அறிவுரை இவ்வாறு விதியாயிற்று.

1950 அக்டோபர் 7 அன்று உரோமையின் ஒப்புதலோடு அன்பின் பணியாளர் சபை கல்கத்தா மறைமாவட்டச் சபையாக நிறுவப்பட்டது. 1953 பிப்ரவரியில் துறவியர் கீழ்ச் சுற்றுச்சாலை 54ஏ எண் வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை என்று பெயர் மாறிய அச்சாலையில் இன்றும் தாய்இல்லம் அதுவே. அதே ஆண்டு ஏப்ரல் 12 அன்று முதல் குழுவினர் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தனர்.

பயிற்சியின் படிகள் காலப்போக்கில் உறுதிப்பட்டன. முதலில் சில மாதங்கள் வந்து பார்த்தல்; பிறகு ஏறத்தாழ ஓராண்டு முன்பயிற்சி; அடுத்து இரண்டாண்டு நவகன்னியர் நிலை. கரையில்லாத வெள்ளைச் சேலை அந்நிலையின் அடையாளம். முதல் வார்த்தைப்பாட்டின்போதுதான் மூன்று நீலக்கோடுகள் வரும். அதன் பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக வார்த்தைப்பாடு ஐந்தாண்டு. இறுதி வார்த்தைப்பாட்டுக்கு முன்னர் இன்னோர் ஆண்டு முழுதும் மீள்பயிற்சி. இது இயேசு சபையிலிருந்து வந்த வழக்கம். சில வாரங்கள் பிறந்த வீட்டுக்கும் அனுப்புவர். திரும்பி வருவதா என்பதை அங்கிருந்தே முடிவு செய்யலாம். அசிசியில் ஒரே நாளில் முடிந்தது கல்கத்தாவில் ஒன்பது, பத்து ஆண்டுகள் எடுத்தது.

ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் வழக்கமான மூன்றோடு நான்காவதாக, ஏழையருள் ஏழையர்க்கு முழுமனத்துடன் இலவசமாகப் பணிசெய்யும் வார்த்தைப்பாடும் இச்சபைக்கு உண்டு. ‘இலவசமாக’ என்ற சொல்லே அதில் கூர்மையானது. கட்டணம் இல்லை, நிலையான வருமானம் இல்லை என்று பொருள். 1964இல் பம்பாய் வந்த திருத்தந்தை ஆறாம் பவுல் தம் வெள்ளை லிங்கன் காரை அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றபோது, தெரசா அதில் ஏறாமலே பரிசுச்சீட்டுக் குலுக்கலில் விட்டுப் பணமாக்கித் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் சேர்த்தார். பயன்படுத்தலாம், உடைமை கொள்ளலாகாது என்னும் 13ஆம் நூற்றாண்டு வாதத்துக்கு, பயன்படுத்தவும் வேண்டாம் என்று அவர் ஒரு படி மேலே போய் விடை சொன்னது போலிருக்கிறது.

அன்றாடத்தில் இந்த ஏழ்மை மிகச் சிறிய பொருள்களில் தங்கியிருந்தது. உடுத்த ஒன்று, துவைக்க ஒன்று, விழாவுக்கு ஒன்று என்று மூன்று சேலைகள்; பாட்னாவின் சுகாதார அறிவுரைக்கும் 1223ஆம் ஆண்டு விதிநூலின் அங்கிக் கணக்குக்கும் இடையே இவ்வெண் பொருந்திப் போகிறது. கொல்கத்தாவுக்கு அருகே டிட்டாகரில் தொழுநோயிலிருந்து மீண்டோர் நெய்யும் சேலைகள் அவை. ஒரு வாளி: குளிக்கவும் துவைக்கவும் அதுவே. துவைக்கும் இயந்திரம் இல்லை. துறவியர் தங்குமிடத்தில் மின்விசிறி இல்லை. காலை 4.40க்கு எழுதல். சிற்றாலயத்தில் இருக்கை இல்லை, தரையில் அமர்வு. சன்னல்கள் சாலையை நோக்கித் திறந்திருக்கும். செபத்துக்கிடையே டிராம் மணியும் லாரி ஒலியும் வந்துகொண்டேயிருக்கும்.

மொழியும் பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. முதலில் வந்தோர் வங்காளப் பெண்கள். பின்னர் சோட்டாநாக்பூர், கேரளம், தமிழ்நாடு எனப் பல திசைகளிலிருந்தும் வந்தனர். மடத்துக்குள் பொதுமொழி ஆங்கிலம் என்று விதிக்கப்பட்டது. தாய்மொழிக் குழுக்கள் உருவாகாமல் இருக்க அது உதவியது. ஆனால் பதினெட்டு, இருபது வயதுப் பெண் ஒருத்தி வீட்டையும் ஊரையும் விட்டபின் கடைசியாக விடுவது தன் மொழியை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உடைமை துறத்தலைப் பற்றி நூல்நூலாக எழுதிய நடுக்கால இறையியலாளர் எவரும் இந்த இழப்பை ஏழ்மையின் கணக்கில் சேர்க்கவில்லை.

நாள்தோறும் நற்கருணைக்குப் பின் இச்சபையினர் சொல்லும் செபம், அசிசி பிரான்சிஸின் பெயரால் வழங்கும் சமாதான செபம். 1979 டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் உரையின் தொடக்கத்தில் அரங்கிலிருந்தோர் அனைவரையும் தெரசா அதைச் சொல்ல வைத்தார். அது பிரான்சிஸ் எழுதியதன்று. 1912இல் பாரிஸில் ஒரு சிறு பக்தி இதழில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. இதைச் சொன்னால் பக்தர் சிலருக்கு வருத்தம் வரும். ஆயினும், பிரான்சிஸ் எழுதாத செபத்தை வைத்து பிரான்சிஸ்கன் அல்லாத ஒரு சபை அவரை நாளும் நினைவுகூர்ந்தது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

ஏழ்மையைத் திருத்த பாட்னாவில் ஆள் இருந்தது. கீழ்ப்படிதலைத் திருத்த யார் இருந்தார்கள் என்பது கடினமான கேள்வி. ஆஸ்திரேலியரான கோலெட் லிவர்மோர் 1973இல் சேர்ந்து 11 ஆண்டுகளுக்குப் பின் விலகி மருத்துவரானார். நோயுற்ற குழந்தையைச் சேர்ப்பதா, அன்றைய விதிப்படி மறுப்பதா என்ற கணத்தில் கீழ்ப்படிதல் கருணைக்கு எதிராக நின்றதை அவர் 2008இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். இருபது ஆண்டுகள் இச்சபையில் இருந்த அமெரிக்கர் மேரி ஜான்சன், தன்னையே சாட்டையால் அடித்துக்கொள்ளும் பழைய தவப் பழக்கத்தையும், தோழமை ஐயத்தோடு பார்க்கப்பட்டதையும் 2011இல் பதிவு செய்தார். இவற்றைப் பகைமை என்று தள்ளுவது எளிது. ஆனால் இருவரும் எழுப்புவது பாட்னாவில் எழுந்த அதே கேள்வியே: பணிசெய்பவரை நொறுக்கும் விதி யாருக்குப் பயன்? 1948இல் அதைக் கேட்டவர்கள் சபைக்கு வெளியே நின்ற மருத்துவர்கள். கேட்டுக்கொண்டவர் இன்னும் எந்த அதிகாரமும் இல்லாத ஒரு பெண். 1970களில் சபை பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. அப்போது கேட்டவர்கள் உள்ளே, படிநிலையின் கீழ்த்தட்டில் இருந்த இளையோர். முதல் உரையாடல் விதியாக மாறியதற்கும் இரண்டாவது நூலாக வெளியே வந்ததற்கும் இந்த வேறுபாடு போதுமான காரணம்.

1997 செப்டம்பர் 5 அன்று தெரசா இறந்தபோது சபையில் ஏறக்குறைய 4,000 துறவியர் இருந்தனர். போஸ் சாலை இல்லத்தில் அவரது கல்லறையைப் பார்க்க நாள்தோறும் மக்கள் வருகின்றனர். வியாழக்கிழமைகளில் மட்டும் அக்கதவு பார்வையாளர்க்குத் திறப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பாட்னாவில் சொன்னார்கள் அல்லவா, அந்த நாள் அது.